மாத்திரையா மலையா

முப்பது வருஷம் மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் நடத்தியவள் நான். நரம்புச் செல்லின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குச் சேதி கொண்டுபோகும் அசிட்டைல்கோலின், சேதி சேர்ந்ததும் அதைச் சிதைத்துவிடும் நொதி, இரண்டையும் எழுதினால் ஐந்து மதிப்பெண். எழுதாத பிள்ளைகளை நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன். இத்தனை படித்த மகராசிக்கு, பக்கத்தில் படுத்திருந்த மனுஷனின் மூளை தேய்ந்துகொண்டிருந்தது இரண்டு வருஷமாகத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரருக்கு போடிமெட்டுக்கு மேலே நாலு ஏக்கர் ஏலத்தோட்டம். விடிந்ததும் ஜீப்பில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனால் சாயங்காலம்தான் இறங்குவார். ஒருநாள் போடியில் கடைவீதியில் ஜீப்பை நிறுத்திவிட்டு பஸ்சில் வீட்டுக்கு வந்தார். "ஜீப்பக் காணோம் புள்ள, எவனோ ஓட்டிட்டுப் போயிட்டான்" என்றார். சிரித்தேன். மூன்றாவது தடவை அப்படி வந்தபோது தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். அதற்கப்புறம்தான் மதுரைக்குக் கூட்டிப்போனேன்.

அல்சைமர் என்றார் டாக்டர். செல்களுக்கு வெளியே ஒரு புரதம் கட்டிகட்டியாகப் படிகிறது, உள்ளே இன்னொரு புரதம் முறுக்கிச் சிக்காகிறது, செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. அசிட்டைல்கோலின் தயாரிக்கும் செல்கள் சீக்கிரமே அடிபடுகின்றன. "கம்மாய்க்கு வரத்துக் கொறஞ்சு போச்சு டீச்சர். இந்த மாத்திரை தண்ணி கொண்டாராது. அசிட்டைல்கோலினைச் சிதைக்கிற நொதியைத் தடுத்து, மடையை அடைச்ச மாதிரி, இருக்கிற தண்ணியைக் கொஞ்ச நாள் நிக்கவைக்கும். அம்புட்டுதான்" என்றார். அம்புட்டுக்காவது ஆகட்டும் என்று வாங்கிவந்தேன்.

ஜீப் ஓட்டும் வேலையை, தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி எடுத்துக்கொண்டார். இவரைத் தோட்டத்துக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெரிந்த சோலியைச் செய்தால் மூளைக்கு நல்லது என்பது என் கெட்டிக்காரத்தனம். மேலே ஒரு வழக்கம் உண்டு. பூச்சிமருந்து அடிக்கிற நாளில் முதல் டிரம்மைத் தோட்டத்துச் சொந்தக்காரரே தன் கையால் கலக்கிக் கொடுப்பார். அளவு பிசகினால் செடி கருகிவிடும் என்பதால் அதை யாரிடமும் விடமாட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து இவர் அதை விட்டதில்லை. மாத்திரை தொடங்கியபின் முதல் தடவை மருந்து அடித்த அன்றைக்கும் காலையில் இட்லியோடு மாத்திரையைக் கொடுத்து, நானேதான் ஜீப்பில் ஏற்றிவிட்டேன்.

பதினோரு மணிக்குக் கங்காணி போன் செய்தார். "டீச்சரம்மா, அண்ணனுக்கு வேர்த்து ஊத்துது. வாயில எச்சி ஒழுகுது. வாந்தி எடுத்துட்டாரு. நாங்க வெரசா எறங்கி வர்றோம்."

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தர் இருந்தார். நாடி ரொம்ப மெதுவாக ஓடுகிறது என்று சொல்லி ஊசி போட்டார். கங்காணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நானும் பக்கத்துலதான நின்னேன், எனக்கு ஒண்ணும் ஆகலையேம்மா" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டரம்மா கேட்க, கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. செடிக்கு அடிக்கிற மருந்தும் அதே நொதியைத்தான் தடுக்கிறது. பூச்சி சாவதும் அதனால்தான். மாத்திரை பாதி மடையை அடைக்க, மருந்து மீதியையும் அடைத்து, தண்ணீர் கரையை மீறிவிட்டது. ஐந்து மதிப்பெண் கேள்வி. தாலி கட்டினவரை வைத்து நான் தப்பாக எழுதிவிட்டேன்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் மாத்திரை, மலை இரண்டில் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. நம் தோட்டத்தில் அடிக்காவிட்டாலும் பக்கத்துத் தோட்டத்தில் அடிப்பார்கள். காற்றை யார் தடுப்பது? நான் மாத்திரையைத் தேர்ந்தெடுத்தேன். அவரைக் கேட்கவில்லை.

ஒன்றரை வருஷம். காலையில் ஜீப் வரும் நேரத்துக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு பூட்டிய கேட்டுக்கு முன்னால் வந்து நிற்பார். "சாவியக் குடு புள்ள, ஆளுக காத்துக் கெடப்பாக." முதலில் கெஞ்சினார், பிறகு திட்டினார். ஒருநாள் "நீ எனக்கு என்ன பாவம் பண்ணுறேன்னு ஒனக்கே தெரியல" என்றார். மாத்திரையால் பலனே இல்லை என்று சொல்லமாட்டேன். தானே குளித்தார், பேத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அதைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டைத் திறக்காமல் இருந்தேன்.

போன ஆவணியில் மதுரை டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். அந்த வேதிப்பொருளைத் தயாரிக்கிற செல்கள் அநேகமாகத் தீர்ந்துவிட்டன, இனி தடுத்து நிறுத்த உள்ளே ஒன்றும் இல்லை என்றார். அழுதிருக்க வேண்டும். "அப்போ மலைக்குக் கூட்டிட்டுப் போகலாமா?" என்றுதான் வாயில் வந்தது. மருந்து அடிக்காத நாளாகப் பார்த்துப் போங்கள் என்றார். வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம், வெட்கக்கேடு.

அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் கேட்டு, யாரும் அடிக்காத ஒரு காலையில் கங்காணி எங்களை ஜீப்பில் மேலே கொண்டுபோனார். இவர் இறங்கிச் செடிக்குள் நடந்தார். ஒரு தூரில் குனிந்து ஒரு காயைக் கிள்ளி, நகத்தால் பிளந்து, விதை கறுத்து முற்றியிருக்கிறதா என்று பார்த்தார். கை ஒன்றையும் மறக்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. போதும், சாமி, இது போதும் என்று நினைத்தேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "யாரு தோட்டங்க இது?" என்றார், வெளியாளிடம் கேட்கிற மரியாதையோடு. "செடியப் பிள்ளை கணக்கா வச்சிருக்காரே. நல்ல மனுஷனாத்தான் இருப்பாரு."

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் நின்றிருந்தால் இது தன் தோட்டம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

கங்காணிதான் பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆமாண்ணே. ரொம்ப நல்ல மனுஷன்."