பொன்னாயி வேண்டாமென்ற வரி

பொன்னாயியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். கொல்லிமலை வாழவந்தி நாட்டில் மிளகு விவசாயிகள் சங்கம் ஒன்று இருந்தது. அங்கே கம்ப்யூட்டர் பார்த்தவள் அவள். அவளுடைய ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு தாண்டிய முதல் பெண். சேந்தமங்கலம் வரை பஸ்ஸில் இறங்கி ஏறி டைப் படித்தாள். எந்த வேலையானாலும் முதலில் நோட்டில் எழுதிக்கொண்டுதான் தொடுவாள். நான் ஒரு அவசரக்குடுக்கை. அந்த நோட்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் குணசேகரன், பேளுக்குறிச்சியில் கம்ப்யூட்டர் கடை. சங்கத்துக்குக் கம்ப்யூட்டரை விற்றதும் ரிப்பேர் பார்த்ததும் நான்தான். 2002ஆம் வருஷம், ஒரு சந்தை நாள் காலையில் கடைக்குப் போன் வந்தது. பேசியவர் சங்கத்துக்கு எதிர்ச் சரிவில் டெலிபோன் பூத் வைத்திருந்த காளியண்ணன்.

“ஏனுங்க, உங்க பொட்டி நாலு நாளா எந்திரிக்க மாட்டீங்குது. மேகம் போட்ட படம் வருது, அப்புறம் அப்படியே நின்னுக்குது. போன் லைனும் இன்னிக்குத்தான் வந்துச்சு. பொன்னாயிதான் கெடுத்துப்போட்டான்னு தலைவரு குதிக்கறாருங்க. சாயங்காலம் கூட்டம். அதுக்குள்ள ஓடலீன்னா நாளையிலிருந்து அந்தப் புள்ள வேலைக்கு வரவேண்டாம்னுட்டாரு.”

மேலே போகும் காலை பஸ் போய்விட்டது. அடுத்தது சாயங்காலம்தான். சரி, போனிலேயே பார்த்துவிடலாம் என்றேன். அதில்தான் வந்தது வினை. போன் இந்தச் சரிவில், கம்ப்யூட்டர் அந்தச் சரிவில், நடுவில் குச்சிக்கிழங்குக் காடு, மரவள்ளிதான்.

“அதுக்கென்னங்க, கூவுனா கேக்கும். நாங்க பேசிக்கறதே அப்படித்தானுங்க” என்றார் காளியண்ணன்.

கம்ப்யூட்டரைப் போட்டதும், மேகப் படம் வருவதற்கு முன்னால், ஒரு வரி எழுத்து வரும். அந்த இரண்டு விநாடிக்குள் மேல் வரிசையில் எஃப் எட்டு என்ற பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால், எப்படித் தொடங்கட்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் விரியும். நான் “இப்ப அமுத்தச் சொல்லுங்க!” என்பேன். காளியண்ணன் ரிசீவரை மேசைமேல் வைப்பார், வாசலுக்குப் போவார், தொண்டையைச் செருமுவார், “இப்பவாமா பொன்னாயீ!” என்று கூவுவார். அதற்குள் அங்கே மேகம் வந்து நின்றிருக்கும். ஒரு தடவை இல்லை, ஆறு தடவை.

“ஏனுங்க, கொஞ்சம் சுருக்கா கூவக்கூடாதா?”

“நான் சுருக்காத்தான் கூவறேன். காடு தாண்டிப் போக வேண்டாமுங்களா?”

இங்கே கடை வாசலில் சந்தைக்காரர்களின் இரைச்சல் வேறு. எதை யார் யாருக்குச் சொல்கிறோம் என்றே எனக்குப் புரியவில்லை. கடைசியில் பொன்னாயியே காட்டைத் தாண்டி ஓடி வந்து போனை வாங்கினாள்.

“அண்ணா, எப்ப அமுத்தறதுன்னு சொல்ல வேண்டாமுங்க. என்னென்ன வரும், எதுக்கு என்ன செய்யோணும்னு எல்லாத்தையும் மொதல்லயே சொல்லிப்போடுங்க. எழுதிக்கிட்டுப் போறேன்.”

எனக்கே பாடமா என்று கோபம் வந்தது. ஆனாலும் சொன்னேன்.

போய்ச் செய்து பார்ப்பாள், காட்டைத் தாண்டி ஓடி வந்து போனில் சொல்வாள். பட்டியல் வந்துவிட்டது. மூன்றாம் நம்பரில், அதாவது முக்கியமானவற்றை மட்டும் வைத்துத் தொடங்கினால், ஓடுகிறது. ஆனால் பிரிண்டர் வராது. முதல் நம்பரில் வழக்கம்போல் தொடங்கினால் நிற்கிறது. அதே மிஷின், அதே கரண்ட்! வோல்டேஜ் என்றேன், ஈரம் என்றேன், எலி என்றேன். உண்மையில் எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

நாலாம் நம்பரைச் சொன்னேன். அதில் கம்ப்யூட்டர் ஒவ்வொரு வரியாகக் காட்டி, இதை ஏற்றட்டுமா வேண்டாமா என்று கேட்கும். எல்லாவற்றுக்கும் சரி சொல்லச் சொன்னேன். நின்றது. எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றால் ஓடியது, பாதி செத்த மாதிரி. எனக்குத் தலை கிறுகிறுத்தது.

“அண்ணா, ஒவ்வொரு தடவையும் ஒன்னே ஒன்னுக்கு மட்டும் வேண்டாம்னு சொல்லிப் பாக்கட்டுங்களா?”

“எப்படியோ போ” என்று போனை வைத்தேன். வாய்க்கொழுப்பு.

மூன்று மணிக்குப் போன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். “ஏழாவது வரிக்கு வேண்டாம்னா ஓடுதுங்கண்ணா! பிரிண்டரும் வேல செய்யுது!”

பின்னால் சங்கத் தலைவர் அப்பாசாமியின் குரல் கேட்டது. “அந்த வரிய ஆரு போட்டாங்கன்னு கேளு. நீதான?”

அவள் அந்த வரியை எழுத்தெழுத்தாகப் படித்தாள். நான் பில் புத்தகத்தின் முதுகில் எழுதினேன். சி, இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு. அப்புறம் ஜி, யூ, என், ஏ.

கை நின்றுவிட்டது. போன வாரம் பிரிண்டர் பார்க்க மேலே போயிருந்தேன். மழை விடுகிறவரை பாட்டுக் கேட்கலாம் என்று சிடி போட்டேன், பாடவில்லை. பிளாப்பியிலிருந்து எதையோ ஏற்றினேன், என் பேரிலேயே ஒரு போல்டர் திறந்து. அதற்குள் பஸ் ஹாரன். மறுபடி போட்டுப் பார்க்காமலே ஓடி வந்துவிட்டேன். மறுநாள் காலையில் போட்டவள் பொன்னாயி.

“அண்ணா, குணான்னு இருக்குதுங்க. அது உங்க பேருங்களா, இல்ல கம்ப்யூட்டர்ல அப்படி ஏதாச்சும் இருக்குதுங்களா?”

அவள் குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். ஆமாம், அது கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மலையில் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொல்ல வாய் வரைக்கும் வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

“தலைவர்கிட்ட குடு” என்றேன்.

“தலைவரே, அது என் பேருதானுங்க. நான் போட்டு வெச்ச கோளாறு. அந்தப் புள்ள ஒன்னையும் கெடுக்கல.”

“நாலு நாளா அவ சோறு உங்கலீங்க” என்றார் அப்பாசாமி. “நாந்தான் கண்டபடி வஞ்சுபோட்டேன்.”

போன் மறுபடி பொன்னாயியிடம் போனது. “அந்த வரிய ஒரேயடியா எடுக்கறது எப்படிங்கண்ணா?”

“நீ விடு கண்ணு. நாளைக்கு நானே வந்து எடுத்துத் தாரேன்.”

“வேண்டாமுங்க. நீங்க வந்தா இன்னொன்னு போட்டுட்டுப் போவீங்க. சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்.”

சொன்னேன். ஒவ்வொரு எழுத்தையும் திருப்பிப் படித்துக் காட்டி எழுதிக்கொண்டாள். அதன் பிறகு அந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன வந்தாலும் அவளே பார்த்துக்கொண்டாள். சங்கத்திலிருந்து என்னை யாரும் கூப்பிடவில்லை.