பால் பொங்காத பச்சை வீடு

செல்வி, போன வாரம் நீ சென்னையிலிருந்து போன் போட்டபோது நான் பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றிக்கொண்டிருந்தேன். வாடகை வீடு பார்க்கப் போன கதையைச் சொன்னாய். "வீட்டுக்காரர் எந்த ஊருன்னு கேட்டாருப்பா. திருநெல்வேலின்னேன். திருநெல்வேலில எங்கனன்னு கேட்டாரு" என்றாய். வாளிக்குள் சுண்ணாம்பு கொதிக்கிற சத்தமும் அந்த வாடையும் சேர்ந்து என்னை எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டன. "என்னப்பா, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டாய். இருந்தேன். ஆனால் தச்சநல்லூரில் இருந்தேன்.

நீயும் தம்பியும் படிப்பதற்காக எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் தம்பி திருத்திக்கொள்ளட்டும்.

சுண்ணாம்பு வாடை பலருக்குப் பிடிக்காது. எனக்கு அது சோறு போட்ட வாடை. புது வீட்டு வாடை என்றுகூடச் சொல்லலாம். அந்த வாடை அடித்த எந்த வீட்டிலும் நான் குடியிருந்ததில்லை, அது வேறு விஷயம். தொண்ணூறுகளில் திருநெல்வேலி டவுனிலும் ஜங்ஷனிலும் நான் ஏறி நிற்காத ஏணி கிடையாது. பூசை அறைக்குள்கூடப் போயிருக்கிறேன். சாமி படங்களைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே விடுவார்கள். வெள்ளை காய்ந்ததும் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுப் படங்களை மாட்டுவார்கள். சுவருக்கு நான் ஆகும். சாமிக்குத்தான் கொஞ்சம் தண்ணீர் வேண்டியிருந்தது.

என்னோடு கணேசன் என்று ஒருத்தன் வேலை பார்த்தான். ஒரே சைக்கிள். போகும்போது அவன் மிதிப்பான், வரும்போது நான். ஒரே சம்பளம், ஒரே மாதிரி சாயம் ஒட்டிய கைலி, ஒரே தூக்குச் சட்டியில் சாப்பாடு. மூலை முடுக்கில் ஒழுங்காக அடிக்க மாட்டான். "யாருல மோட்டுவளையைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கப் போறா?" என்பான். நான் போய்ச் சரிசெய்வேன். அவனும் ஏழை, நானும் ஏழை. ஆனால் அவன் தச்சநல்லூரில் ஒரு வளவில் குடியிருந்தான். வளவு என்றால் ஒரே மதிலுக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன வாடகை வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு. நாங்கள் ஆற்றோரத்துப் புறம்போக்கில் ஓலைக் குடிசையில் இருந்தோம். ஐப்பசியில் ஆறு ஏறினால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வராந்தாவுக்குப் போய்விட வேண்டும்.

அப்போது நீ அம்மா வயிற்றில் இருந்தாய். அவள் என்னிடம் நகை கேட்டதில்லை, சேலை கேட்டதில்லை. "எனக்கு ஒண்ணும் வேண்டாம். பிள்ள பொறக்கும்போது தரை காஞ்சு கெடக்கணும். அவ்வளவுதான்" என்றாள்.

நானும் தேடினேன். அந்த நாளில் கம்பியில் கட்டிய தகரப் பலகையில் 'வீடு வாடகைக்கு' என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். அதில் பாதிப் பலகைகளுக்கு நானே எழுத்து எழுதியிருக்கிறேன். உள்ளே போனால் வாடகை பற்றிப் பேச்சே வராது. முதலில், "எந்த ஊரு?" அடுத்தது, "அங்கன எந்தத் தெரு?" நேராக யாரும் கேட்க மாட்டார்கள், அவ்வளவு நாகரிகம். நான் தெருவைச் சொன்னதும், "அடடா, மச்சினன் குடும்பம் வாறதாச் சொல்லியிருக்காவளே" என்பார்கள். ஊரில் உள்ள மச்சினன்மார் எல்லாரும் எனக்கு ஒரு எட்டு முன்னாலேயே வீடு தேடி அலைந்தார்கள் போல. தீண்டாமை குற்றம் என்று என் பாடப் புத்தகத்தின் முன்பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. தகரப் பலகையில் அதை யாரும் எழுதச் சொல்லவில்லை.

இந்த நேரத்தில் கணேசன் இருந்த வளவிலேயே ஒரு வீடு காலியானது. நாங்கள்தான் அதற்குப் பச்சை டிஸ்டெம்பர் அடித்தோம். வீட்டுக்கார அண்ணாச்சி சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா அடிச்சிருக்கியே. வீடு தேடுதியாம்லா, கணேசன் சொன்னான். இங்கனயே இருந்துக்கோ" என்றார். நான் அடுத்த கேள்விக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. ஒரே சைக்கிளில் வருகிறவர்கள், ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்கள், ஒரே தெருவாகத்தான் இருக்கும் என்று அவரே முடிவுகட்டிவிட்டார். மறுநாள் இரண்டு வழியும் நான்தான் சைக்கிள் மிதித்தேன்.

பால் காய்ச்சுவதற்கு ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தோம். ஊரிலிருந்து அப்பா வந்தார், உங்கள் தாத்தா. மகன் டவுனில் ஓட்டு வீட்டுக்குக் குடிபோகிறான் என்று வெள்ளைச் சட்டையெல்லாம் போட்டு, வெற்றிலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அம்மா மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள். வீட்டுக்கார அம்மா சந்தோஷமாகத்தான் வந்து நின்றார்.

"பெரியவுகளுக்கு எந்த ஊரு?"

அப்பா ஊரைச் சொன்னார்.

"அப்படியா! எங்க சின்னம்மை அந்த ஊர்லதான வாக்கப்பட்டிருக்கா. எந்தத் தெரு?"

"கீழத்தெரு தாயி. காலனியில மொத வீடு நம்ம வீடுதான்" என்றார் அப்பா. முதல் வீடு என்பதில் அவருக்குப் பெருமை.

அந்த அம்மா பைய நடந்து போனார். கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி வந்து வாசலுக்கு வெளியே நின்றார். "தம்பி, தப்பா நெனைக்காதீய. மச்சினன் குடும்பத்தோட வாறானாம். இப்பதான் தகவல் வந்துச்சு."

பால் ஓரத்தில் நுரை கட்டியிருந்தது, இன்னும் பொங்கவில்லை. அம்மா திரியை இறக்கி, சேலை முந்தானையால் சட்டியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டாள். தெரு வழியே அவள் முன்னால் போக, ஸ்டவ்வோடு நான், வெற்றிலைக் கட்டோடு அப்பா. ஆற்றங்கரைக்கு வந்து அந்தப் பாலில் காப்பி போட்டுக் குடித்தோம். "நான் என்ன தப்பாச் சொன்னேன்?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு தப்பும் இல்லை என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் வேலையில் கணேசன் வருத்தமாகத்தான் கேட்டான். "ஏலே, போயும் போயும் அப்பாவை ஏம்ல கூட்டியாந்த?"

நல்ல மனசோடு கேட்டான், எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிஷத்தில் அவன்மேல் எனக்கு வந்த பொறாமை இருக்கிறதே, அதை எந்தச் சாயத்தாலும் மூட முடியாது. அவன் தன் அப்பாவை எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போகலாம். எந்தத் தெரு என்று கேட்டால் காது குடைந்துகொண்டே பதில் சொல்லலாம். அவன் வீட்டுக்குப் போன போதெல்லாம் காய்ந்த தரையைப் பார்த்தேன். மூலை அடிக்கத் தெரியாதவனுக்கு நாலு மூலை உள்ள வீடு.

இதற்கே இப்படி என்றால் அடுத்ததைக் கேள். நீ பிறந்து, ஆறு ஏறி, பச்சைப் பிள்ளையாக உன்னைப் பள்ளிக்கூட வராந்தாவில் போட்டிருந்த சமயம். வளவு முற்றத்தில் கொடி கட்டித் துணி காயப்போடக் கூடாது என்று அண்ணாச்சி சொன்னாராம். கணேசனுக்குக் கோபம். "நீரும் உம்ம வீடும்! ஊருல வீடா இல்ல வே?" என்று கேட்டுவிட்டு, அன்று சாயங்காலமே கைவண்டியில் சாமானை ஏற்றிவிட்டான். அடுத்த தெருவில் வீடு தயாராக இருந்தது. வண்டியைப் பின்னாலிருந்து தள்ளியது நான். ஒரு துணிக்கொடிக்காக ஒரு வீட்டை வேண்டாம் என்று சொல்ல முடிகிறதே! அவன் வீட்டைவிட அந்தக் கோபத்தின்மேல்தான் எனக்கு ஆசையாக இருந்தது. வளவைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். பச்சை வீடு பூட்டித்தான் கிடந்தது. மச்சினன் இன்னும் வந்து சேரவில்லை.

இன்றைக்கு அந்த வளவு இல்லை. இடித்து மாடி மாடியாகக் கட்டிவிட்டார்கள். தகரப் பலகைகளும் போயின, எல்லாம் போனில் வந்துவிட்டது. கணேசன் திருப்பூருக்குப் போனவன் எங்கே இருக்கிறானோ. வெள்ளைச் சட்டை போட்டு வந்த தாத்தாவும் இல்லை. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது என்று நீ சொல்லித்தான் தெரிந்தது.

ஆனால், லைனில் இருக்கிறேன் என்று நான் சொன்ன பிறகு நீ சொன்னாயே: "எதுக்கு சார் கேக்குறீங்கன்னு கேட்டேன்பா. முழிச்சாரு. போய்யா, நீயே வச்சுக்கோ உன் வீட்டன்னு வந்துட்டேன். வேற பாத்தாச்சு. தை பொறந்ததும் பால் காய்ச்சணும், நீங்க வந்துதான் அடுப்பப் பத்தவைக்கணும்."

அதைக் கேட்டபிறகும் நான் பேசாமல் இருந்தேனே, அது ஏன் தெரியுமா மகளே? எனக்கு உன்மேல் பொறாமையாக இருந்தது.

வெள்ளைச் சட்டையைத் தேய்க்கக் கொடுத்திருக்கிறேன்.