தோற்றவர் காசு போட வேண்டும்

சனிக்கிழமை மத்தியானம் மதராஸ் மெயில் என்னைத் தாதரில் இறக்கிவிட்டது. மதுரையில் நான் வைத்திருப்பது பெட்டி, பை விற்கும் கடை. தாராவியில் தோல் பை தைக்கும் காசிம் பாயின் பட்டறையில் சரக்குப் பார்த்து வருவதுதான் பயணத்தின் நோக்கம். ஆனால் பைகளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. பம்பாயில் நான் பார்த்த ஒரு சண்டையைப் பற்றி எழுதப் போகிறேன். அத்தனை அழகான சண்டையை நான் வேறு ஊரில் பார்த்ததில்லை.

காசிம் பாய் மேலப்பாளையத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். அன்று சாயங்காலம் விலையெல்லாம் பேசி முடித்த பிறகு, முக்கியமான விஷயத்துக்கு வருகிறவர் போல நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு யாரு பாட்டு பிடிக்கும்?"

"எல்லார் பாட்டும் பிடிக்கும்" என்றேன்.

அவருடைய பைகளில் நூல் நிற்காது என்று நான் சொல்லியிருந்தால்கூட அப்படி முகம் சுருங்கியிருக்காது.

"அப்படிச் சொல்லப்படாது. நாளைக்கு எங்கூட வாங்க. ஊர்லருந்து புதுசா வந்தவரு நீங்க. நீங்க தீர்ப்புச் சொன்னா எடுபடும்."

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்குப் புறப்பட்டோம். பட்டறையிலிருந்து மாட்டுங்காவுக்கு ஏறக்குறைய ஒரு மைல். நடந்தே போனோம். தாராவியை விட்டுச் சற்றுத் தூரம் வரைக்கும் பச்சைத் தோல் வாடை கூடவே வருகிறது. ரயில்வே பாலம் தாண்டிய பிறகு காப்பிக்கொட்டை வறுக்கிற மணம், பூக்கடை, வாழைக்கட்டு, கோயில் மணி. கண்ணை மூடிக்கொண்டு நடந்தால் மயிலாப்பூர் என்றே சொல்வேன். டிராம் போய்விட்டது, இரட்டை மாடி பஸ் ஓடுகிறது.

வழியில் காசிம் பாய் விவரம் சொன்னார். இரண்டு பாடகர்களில் யார் பெரியவர் என்பதுதான் வழக்கு. ஒருவர் கனத்த குரல்காரர், மற்றவர் மெல்லிய குரல்காரர். பெயரை எழுதினால் என் கடை வாசலுக்கே சண்டை வந்துவிடும். வாசகர்கள் தங்களுக்குத் தோன்றியவர்களை வைத்துக்கொள்ளலாம். பாய் கனத்த குரலின் கட்சி. எதிர்க்கட்சி விசுவநாதன் என்கிற பாலக்காட்டுக்காரர், பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஓர் ஆபீசில் ஹெட் கிளார்க்.

"ஆறு நாளும் தோலும் ஊசியும்தான். ஞாயித்துக்கிழம சார்வாள்கிட்ட மல்லுக்கு நிக்கலன்னா எனக்கு வாரம் முடியாது பாத்துக்கிடுங்க. அவரு வீடு எங்கன்னு தெரியாது. எம் பட்டறைக்கு அவரு வந்ததில்ல. எங்களுக்கு அந்த ஓட்டல்தான் எடம்" என்றார்.

அது ஒரு தெருமுனையில் இருக்கிற ஈரானி ஓட்டல். சலவைக்கல் மேஜை, சுவரெல்லாம் கண்ணாடி, டீ பதினைந்து பைசா, வெண்ணெய் தடவிய பன் இருபது பைசா. மூலையில் காசு போட்டால் பாடுகிற ஜூக் பாக்ஸ். புதுக் காசு வந்து இத்தனை வருஷமாகியும் நாலணா என்றுதான் சொல்கிறார்கள். நாலணா போட்டுப் பொத்தானை அமுக்கினால் உள்ளே ஒரு கை இசைத்தட்டை எடுத்து வைக்கிறது. அத்தனையும் இந்திப் பாட்டு. ஒரே ஒரு தமிழ்த் தட்டு. மதராஸிலிருந்து வரவழைத்து, ஓட்டல் முதலாளி சேட்டிடம் கெஞ்சி, காசிம் பாய் வைக்கச் சொன்னது. ஒரு பக்கம் கனத்த குரல், மறு பக்கம் மெல்லிய குரல்.

விசுவநாதன் டீயோடு காத்திருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி. என்னை நீதிபதி என்று பாய் அறிமுகப்படுத்தியதும் வழக்கு தொடங்கிவிட்டது.

"இவரோட ஆள் பாட ஆரம்பிச்சா அடுத்தாத்துல கதவைச் சாத்திக்கறா, கேட்டேளா" என்றார் விசுவநாதன்.

"சார்வாளோட ஆளு பாடுதாரா தூங்குதாரான்னு மூக்குல வெரல வச்சில்லா பாக்க வேண்டியிருக்கு."

"ஆரம்பத்துல ஒரு முனகல் வருமே, பாய். வாரம் பூரா ஆபீஸ்ல வாங்கின திட்டெல்லாம் அதுல கரைஞ்சுடும்."

"எங்க ஆளு ஒசரத்துல ஏறி நின்னுட்டாருன்னா எறங்க மாட்டாரு. பட்டறையில மிசினெல்லாம் தானா நிக்கும்."

இப்படியே ஒரு மணி நேரம். நான் சிரித்துச் சிரித்து ஆறிப்போன டீயைக் குடித்தேன். ஆனால் பாட்டுப் பெட்டி பாடவே இல்லை. காரணம் கேட்டேன். அவர்களுக்குள் ஒரு சட்டமாம்: வாதத்தில் தோற்றவர்தான் காசு போட்டு, ஜெயித்தவருடைய பாடகரைப் பாட வைக்க வேண்டும். தட்டு வந்து ஆறு மாதமாகிறது. இருவரில் ஒருவரும் தோற்றதில்லை.

அப்போதுதான் கல்லாவிலிருந்து சேட் எழுந்து வந்தார். பாயின் தோளில் கை வைத்து இந்தியில் ஏதோ சொன்னார். பாயின் முகம் விழுந்துவிட்டது.

"இந்தத் தட்ட யாரும் போடுறதே இல்லையாம். நாளைக்குப் புதுசு வருதாம். இத எடுக்கப் போறாராம்" என்று எனக்குச் சொன்னார்.

விசுவநாதன் டீக் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு பாய் எழுந்து பெட்டியிடம் போனார்.

"நான் தோத்துட்டேன்" என்று சொல்லி நாலணாவைப் போட்டார்.

"நீங்க எப்படித் தோக்க முடியும்? நான்னா தோத்தேன்" என்று விசுவநாதன் பின்னாலேயே ஓடினார்.

மெல்லிய குரல் பாடியது. பிறகு கனத்த குரல். மறுபடியும் மெல்லிய குரல். இருவரும் மாறி மாறித் தோற்றார்கள். முனகல் வந்த இடத்தில் காசிம் பாய் கண்ணை மூடிக்கொண்டார். கனத்த குரல் மேலே ஏறியபோது விசுவநாதன் விரல் மேஜையில் தாளத்தை மறந்து நின்றது. அந்த இரண்டு பாட்டையும் நான் அதற்கு முன் நூறு தடவை கேட்டிருப்பேன். முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

சேட் நல்ல மனிதர்; அவரும் கடைசி வரை நின்று கேட்டார். ஆனாலும் புதுத் தட்டுக்காரருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்று கையை விரித்தார். சாவி போட்டுப் பெட்டியைத் திறந்து, தட்டை எடுத்து, ஒரு தாளில் சுற்றிப் பாயிடம் கொடுத்துவிட்டார்.

"இனி ஞாயித்துக்கிழம..." என்று இழுத்த பாய் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

விசுவநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"எங்காத்துல ரெக்கார்டு பிளேயர் இருக்கு."

"எப்ப வாங்குனிய?"

"மூணு வருஷமாச்சு."

"இந்தத் தட்டு?"

"அதுவும் இருக்கு. ரெண்டு பக்கமும் தேஞ்சு போச்சு."

பாய் அவரையே பார்த்தார். "பெறகு எதுக்கு சார்வாள் வாராவாரம் இங்க வந்து உக்காந்திய?"

"ஆத்துல யார் இருக்கா சண்டை போட? எதைப் போட்டாலும் நன்னாருக்குங்கறா. அடுத்த ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வாங்கோ, பாய். காப்பி உண்டு."

செவ்வாய்க்கிழமை தாதர் ஸ்டேஷனில் வழியனுப்ப வந்த காசிம் பாய், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தீர்ப்புச் சொல்லாமலே போறியளே அண்ணாச்சி" என்றார். சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். வண்டி நகர்ந்தது.

மதுரையில் என் கடைக்கு எதிரே டீக்கடை. விடிந்ததிலிருந்து ஒலிபெருக்கி பாடிக்கொண்டே இருக்கும்; நாலணா வேண்டாம், பொத்தான் வேண்டாம். வந்த மறுநாளே கனத்த குரல் உச்சிக்கு ஏறியது. அடுத்த கடை இரும்பு வியாபாரியிடம், "என்ன இப்படிக் கத்துகிறார்" என்று வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன். அவர் தலையாட்டி, "ஆமாம், எல்லாம் நல்லாத்தான் பாடுறாங்க" என்று சொல்லிவிட்டு ஆணி எடை போடத் திரும்பிவிட்டார்.