றூபன் பெயர் போட்ட நாள்

என் தம்பி றூபன் நடக்காது என்று பலர் சொன்னவற்றை நடத்திக் காட்டியவன். கனடாவின் பிறம்ரன் நகரில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டே முப்பத்தொரு வயதில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தான். எல்லோரும் லிபரலுக்கே வாக்களிக்கும் எங்கள் ரெக்ஸ்டேல் கட்டடத்தில் கொன்சவேட்டிவ் கட்சி அங்கத்தவனாக இருந்தும், பதினொரு மாடியிலும் நண்பர்களைச் சேர்த்தான். மனைவி ஷாமிலாவைக் கனடாவுக்கு எடுத்தான். தொடக்கத்தில் அறுபது பேர் கேட்ட அவனுடைய 'குடும்பம் முதல்' என்ற பொட்காஸ்டை, அந்த இணைய ஒலிப்பதிவுத் தொடரை, இன்று நாலாயிரம் பேர் கேட்கிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் ஒவ்வொரு பதிவின் திகதியும் நீளமும் என் கொப்பியில் இருக்கின்றன.

முதல் பதிவு 2008 செப்டெம்பர் 14, பத்தொன்பது நிமிடம். எதிரொலி வராமல் இருக்க அலுமாரிக்குள் குளிர் ஜக்கற்றுகளுக்கு நடுவே இருந்து குடும்பம், கோயில், வரிக்குறைப்பு பற்றிப் பேசினான். பெயர் மட்டும் சொல்லவில்லை. ஷாமிலா அப்போது வன்னியில். போர் முடிந்த பிறகு முகாமில். இங்கே பேசுவது அங்கே அவள் தலையில் விழும் என்று பயந்தான்.

2009 டிசெம்பரில் அவள் மன்னாரில் மாமி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அதே நாட்களில் இலங்கை ஜனாதிபதித் தேர்தல் சண்டை ரொறன்ரோவைப் பிடித்தது. போரில் படையை நடத்திய தளபதியே ஜனாதிபதியை எதிர்த்து நின்ற வேட்பாளர். அவருக்குத் தமிழர் வாக்களிக்கலாமா? ஆட்சியை வாக்கால் மாற்றுவதுதான் ஒழுங்கு, கசந்தாலும் அவருக்குப் போடலாம் என்று பதிவில் சொன்னான் றூபன். அந்தக் கிழமை முப்பத்தொரு மின்னஞ்சல். இருபத்தாறு வசவு. பெயரும் தொலைபேசி இலக்கமும் போட்டு மரியாதையாக மறுத்தவர் ஸ்காபரோவில் கடை வைத்திருக்கும் சண்முகநாதன் அண்ணை ஒருவர்தான். இரண்டு மருமக்களைப் போரில் இழந்தவர். விவாதத்துக்கு வரும்படி றூபன் அவரை அழைத்தான்.

"எனக்கு உம்மிலை கோவமில்லைத் தம்பி. ஆனா பேரில்லாத ஆளோடை என்னத்தை வாதாடுறது? நான் என்ரை பேரைப் போடுறன். நீரும் போடும், வாறன்."

றூபன் இரண்டு நாள் யோசித்தான். யாராவது மாமி வீட்டுக் கதவைத் தட்டினால்? வேண்டாம், விடு என்றேன் நான். சனிக்கிழமை மன்னாருக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னான். ஷாமிலா திருப்பிக் கேட்டாள்:

"இருபத்தாறாம் திகதி நான் லைனிலை நிண்டு, என்ரை பேரைச் சொல்லித்தான் வாக்குப் போடப்போறன். ஆமிக்காரன் பாத்துக்கொண்டு நிப்பான். நீங்கள் அங்கை ஜக்கற்றுக்குள்ளை இருந்து பயப்பிடுறியளோ?"

"ஆருக்குப் போடப்போறீர்?" என்றான்.

"அது என்ரை பாடு. உங்கடை பேச்சைக் கேட்டுப் போடுவனெண்டு நினைக்காதேங்கோ."

போர் முடிந்த பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். அன்றிரவே சண்முகநாதன் அண்ணைக்கு அழைத்து, பெயர் போடுகிறேன், வாருங்கள் என்றான்.

மறுநாள் ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து நாங்கள் வர, சண்முகநாதன் அண்ணை வடைப் பெட்டியோடு வாசலில் நின்றார். அலுமாரிக்குள் இரண்டு பேர் இருக்க முடியாது. சாப்பாட்டு மேசையில் ஜக்கற்றுகளை விரித்துப் பதிவு செய்தார்கள். இரைச்சல் பதிவாகாமல் இருக்க நான் நிறுத்திய குளிர்சாதனப் பெட்டியைத் திரும்பப் போட மறந்து, மீன் பழுதானது. ஒரு மணி இருபத்திரண்டு நிமிடம். தளபதிக்குப் போடுவதும் தோல்விதான் என்றார் அவர். போடாமல் விடுவது பெரிய தோல்வி என்றான் இவன். யாரும் யாரையும் மாற்றவில்லை. வாக்கு அங்கே இருப்பவர்களுடையது, அவர்களை இங்கிருந்து ஏசக்கூடாது என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்.

அண்ணை வடையைக் கடித்துக்கொண்டு பார்த்திருக்க, றூபன் பதிவை இணையத்தில் ஏற்றினான். அதன் கீழே அவருடைய பெயரை முதலில் அடித்தான். பிறகு தன்னுடையதை, எங்கள் அப்பாவின் பெயரோடு சேர்த்து அடித்தான்: மரியரட்ணம் றூபன், 2010 ஜனவரி 17.