மாமா மோந்து சொன்ன தீர்ப்பு

எந்த ஆட்டோமேட்டிக் கார் வந்தாலும் மெக்கானிக் மாமா முதலில் கியர் ஆயில் அளக்கும் கம்பியை உருவுவார். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டைத் தேய்த்து, கண்ணை மூடி மோந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

அப்பாவின் பழைய டாக்சி கியர் மாறும்போதெல்லாம் முதுகில் உதைத்தது. எங்கள் வீட்டு அடுப்பு எரிவதே அந்த வண்டியால்தான். அன்று மாமா மூன்று முறை மோந்தார். அக்கறை என்று நினைத்தேன்.

"ஆயில் கறுத்திருக்கே மச்சான்?" என்றார் அப்பா.

"உனக்குத் தலை நரைக்கலையா மாப்ளே? அதுக்கும் வயசாயிடுச்சு, அவ்வளவுதான். கருகின வாடை இல்ல. ஆயிலை மாத்திட்டு ஓட்டு."

"எங்கண்ணன் மூக்கு பொய் சொல்லாது," என்றாள் அம்மா.

பதினோராம் நாள் மேம்பாலத்தின் நடுவில் வண்டி நின்றது. வேறு பட்டறையில் கியர் பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே கிளட்ச் தட்டுகள் கரிந்து கிடந்தன. அப்பா இப்போது யாரோ ஒருவரின் வண்டியை ஓட்டுகிறார். அம்மா அண்ணன் பேச்சையே எடுப்பதில்லை.

வெகுநாள் கழித்து அத்தை சொன்னாள்: முந்தைய வருடக் காய்ச்சலுக்குப் பிறகு மாமாவுக்கு எந்த வாடையும் தெரிவதில்லையாம். பால் தீய்ந்தால்கூட அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். "வெளிய தெரிஞ்சா பட்டறைக்கு எவன் வருவான்?" என்று அவள் வாயையும் அடைத்து வைத்திருந்தார்.