விநாடி முள் இல்லாத கடிகாரம்

வீட்டு நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த அன்று விஜயகுமாரி முதலில் செய்த காரியம், சர்தார் பாஷாவின் இடக்கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்றியதுதான். பக்கவாதம் வந்த கை வீங்கும். வீங்கும் கையில் மோதிரம், வாட்ச் எதுவும் கூடாது. வேலூரில் பயிற்சி எடுத்த நாளிலிருந்து அவள் மீறாத விதி அது. பட்டை இருந்த இடத்தில் குழி விழுந்திருந்தது. அதை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, கடிகாரத்தை இழுப்பறையில் வைத்து மூடினாள். அவர் மூடிய இழுப்பறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை அவர் மனைவி முனவ்வர் பேகம் எடுத்துப் பார்த்தபோது கடிகாரம் நின்றிருந்தது. "இவருக்கு வந்தது அதுக்கும் வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சர்தார் பாஷா ஆம்பூரில் நாற்பது வருடம் தோல் தரம் பிரித்தவர். பதனிட்ட தோலை மேசையில் விரித்து, இடக்கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து உருட்டிப் பார்ப்பார். வலக்கை, சாக்பீஸால் தரத்தை எழுதுவதற்கு மட்டும். கடிகாரப் பட்டைக்கான ஆட்டுத்தோல் வாங்க வருடம் தவறாமல் வந்த ஒரு சுவிஸ்காரர், கடைசியாக வந்தபோது தன் கையிலிருந்ததைக் கழற்றி இவர் கையில் கட்டிவிட்டுப் போனார். அதுதான் இந்தக் கடிகாரம்.

சட்டைக் கைக்குள் தட்டாமல் நுழையும் மெல்லிய தங்கக் கூடு. எண்கள் கிடையாது, பன்னிரண்டு கோடுகள்தான். ஊசி போல இரண்டு முட்கள். தேதி இல்லை, விநாடி முள்ளும் இல்லை. அறுபது வருடமாக அந்தக் கம்பெனி அந்த முகத்தை மாற்றவில்லையாம். விருந்துக்குக் கட்டிக்கொண்டு போகிற கடிகாரம் விநாடியை எண்ணிக் காட்டக்கூடாது, அது மரியாதை இல்லை என்று சுவிஸ்காரர் சொன்னதை, வீட்டுக்கு வந்த எல்லாரிடமும் சர்தார் பாஷா சொல்லியிருக்கிறார். சாவி கொடுக்கவும் வேண்டாம். பின்பக்கக் கண்ணாடி வழியே ஓர் அரைவட்டத் தகடு தெரியும். கை அசைய அசைய அது சுழன்று தானே முறுக்கேற்றிக்கொள்ளும்.

இதையெல்லாம் குழறிய நாக்கால் விஜயகுமாரிக்கு அவர் சொல்லி முடிக்க ஒரு காலைப் பொழுது ஆயிற்று. கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "நாடி பாக்கக்கூட ஒதவாத வாட்சு, பாய். இதுக்கா இவ்ளோ பேஜாரு?"

வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து முனவ்வர் பேகம் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. மகன் முஸம்மில், அப்பாவுக்காக ஒரு பெட்டி வரவழைத்தான். கடிகாரத்தை உள்ளே மாட்டிவிட்டால் மோட்டார் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும், ஓட்டம் நிற்காது. நல்லெண்ணத்தோடுதான் கட்டிலுக்கு எதிரே வைத்தான். தன் கை செய்த வேலையை ஒரு பெட்டி செய்வதை சர்தார் பாஷா இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கைப் பயிற்சிக்கும் மறுத்துவிட்டார். தோள் ஏற்கெனவே இறுகத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு மாதம் இப்படியே விட்டால் அந்தக் கை திரும்பாது என்பது விஜயகுமாரிக்குத் தெரியும். அப்படி இறுகிப்போன தோள்களுக்குச் சட்டை மாட்டிவிட்ட அனுபவம் அவளுக்கு நிறைய.

அவள் போய் மோட்டாரை நிறுத்தினாள். முஸம்மிலிடம் பக்குவமாகச் சொல்லிப் பெட்டியை அறையை விட்டு அனுப்பினாள். பிறகு கட்டில் ஓரம் உட்கார்ந்து பேரம் பேசினாள். கையைத் தலையணைமேல் உயர்த்தியே வைக்க வேண்டும், மூன்று வேளையும் பயிற்சி. அழுத்தினால் குழி விழாத நாள் வரட்டும், அவளே கட்டிவிடுவாள். ஆனால் பழைய பட்டை ஆகாது, புதிதாக மெத்தென்று ஒன்று வேண்டும்.

பட்டை என்றதும் அவள் பக்கம் திரும்பிப் படுத்தார்.

பதினெட்டு நாளில் வீக்கம் வடிந்தது. முஸம்மில் தோல் தொழிற்சாலையிலிருந்து நான்கு துண்டுத் தோல் கொண்டுவந்தான். முதல் மூன்றையும் வலக்கையால் தொட்டுத் தள்ளினார். இது ஷூவுக்கு, இது பைக்கு, இதை மாட்டினால் பட்டை மட்டும்தான் கண்ணில் படும், கடிகாரம் தெரியாது என்றார். நான்காவதை வலக்கையால் எடுத்து, இடக்கை விரல்களுக்கு நடுவே செருகிவிட்டுக் காத்திருந்தார். கட்டைவிரல் அசையவில்லை. விஜயகுமாரி அந்தக் கட்டைவிரலின் மேல் தன் விரலை வைத்து மெதுவாக உருட்டினாள்.

"இதான்" என்றார்.

காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று கட்டிவிட்டாள். கழற்றும்போதெல்லாம் தோலை அழுத்திப் பார்ப்பாள். கடிகாரம் நிற்காமல் ஓடியது. அவள் தரும் பயிற்சிக்கு இவ்வளவு ஓடாதே என்று சந்தேகம் வந்து, ஒருநாள் துணி மடிப்பதுபோல வாசலில் நின்று பார்த்தாள். வலக்கையால் இடக்கையைத் தூக்கி, தூளி ஆட்டுவதுபோல ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அது கள்ளாட்டம், பாய்."

"ஓடுதா இல்லியா சிஸ்டர்?"

பயிற்சி சொல்லிக்கொடுப்பவர்கள் நோயாளிகளிடம் கெஞ்சிக் கேட்டும் நடக்காத பயிற்சி அதுதான். அதை அவள் அவரிடம் சொல்லவில்லை. தூக்கும்போது மணிக்கட்டைப் பிடித்து இழுக்காமல் முழங்கையைத் தாங்கிப் பிடிக்கச் சொன்னாள், அவ்வளவுதான். முனவ்வர் பேகத்திடமும் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்லிவைத்தாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு காலை. நாற்காலியில் அவரை உட்காரவைத்துக் கடிகாரத்தைக் கட்டிவிட்டு, டீ கொடுத்துவிட்டு, படுக்கை விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். பின்னால் மெலிதாக ஒரு சத்தம். தகடு சுழலும் சத்தம், நின்று நின்று வந்தது.

"மறுபடியும் கள்ளாட்டமா, பாய்?" என்று கேட்டபடி திரும்பினாள்.

இடக்கை மடியில் கிடந்து, பக்கவாட்டில் அரை விரற்கடை அளவு போய்ப் போய் வந்தது.

வலக்கையில் டீ கிளாஸ் இருந்தது.