ஒட்டாத காது

என் கணவருக்கு வலது காது கிடையாது. தலைப்பாகை கட்டியிருந்தால் தெரியாது. கட்டாதபோது பார்க்கிறவர்கள் தோல்ஷாப்பில் ஏதோ விபத்து என்று நினைத்துக்கொள்வார்கள், நானும் அப்படியே விட்டுவிடுவேன். அதை வெட்டியவன் என் கூடப்பிறந்த தம்பி. பாலாற்று மணலில், ஊரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது வெட்டினான். அப்போது அவன் நாடகத்தில் இராயப்பர் வேஷத்தில் இருந்தான்.

ஆம்பூருக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் எல்லாரும் வேதக்காரர்கள், அநேகமாக எல்லாருக்கும் தோல் பதனிடுகிற தோல்ஷாப்பில்தான் வேலை. நாற்பது நாள் தவசுகாலம் முடிகிற வாரத்தில் பாஸ்கு நாடகம் போடுவோம். சேசுநாதரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சிலுவையில் அறைகிற கதை. ஆற்றில் அப்போது தண்ணீர் இருக்காது, மணல்தான் மேடை. கோயில் உபதேசியார் பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுப்பார். ஜனம் காத்திருப்பது பூங்காவனக் காட்சிக்கு. பிடிக்க வந்த கூட்டத்தில் பெரிய குருவின் வேலைக்காரன் ஒருவன் இருப்பான். சேசுநாதரின் சீடர் இராயப்பர் வாளை உருவி அவன் காதை வெட்டிவிடுவார், சேசுநாதர் தொட்டு ஒட்டவைப்பார்.

அந்தப் புதுமையை, அதாவது அற்புதத்தை, செய்துகாட்ட எங்களிடம் ஒரு வித்தை இருந்தது. பச்சைத்தோல் வந்து இறங்கும்போது ஆட்டின் காதுகளை நறுக்கிப் போடுவார்கள். அதில் ஒன்றை எடுத்து, மயிரை நீக்கி, சாயத்தில் முக்கி, வேலைக்காரன் வேஷக்காரனின் தலைப்பாகை ஓரத்தில் செருகுவோம். அவனுடைய நிஜக் காது துணிக்குள் இருக்கும். தகரம் ஒட்டிய மரவாள் பட்டதும் ஆட்டுக்காது மணலில் விழும். சேசுநாதர் கையை வைப்பார். அவர் கையை எடுக்கிற நேரத்தில் இவன் தலைப்பாகையைக் கழற்றுவான், காது முழுசாக இருக்கும். ஜனம் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழும். அது ஆட்டுக்காது என்று தெரியாதவர் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை.

வேலைக்காரன் வேஷம் என் கணவருக்கு. மயிர் கழல்வதற்குத் தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு அவர்தான் மேஸ்திரி. இறக்கை கட்டிய சம்மனசு வேஷத்துக்கு அந்த முகம் ஆகாது என்று உபதேசியார் கண்டுகொண்டிருக்க வேண்டும்.

அவர் அடிப்பார். இதை மென்று விழுங்கிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. வேலையாட்களை வாரால் அடிப்பார், என்னைக் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு அடிப்பார். அந்த வருஷத் தவசுகாலத்தில் ஒரு தொட்டித் தோல் சுண்ணாம்பில் அதிகமாக ஊறிப் பாழாகிவிட்டது. முதலாளி சாயபு எல்லார் எதிரிலும் அவரைக் கண்டபடி பேசிவிட்டார். வீட்டுக்கு வந்தபோது அவர் கையில் தோல் புரட்டுகிற கழி இருந்தது. சோறு ஆறிப்போயிருக்கிறது என்றார். என் இடது கை எலும்பு ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. வைத்தியர் முட்டை வெள்ளைக்கரு பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கோணலாகத்தான் கூடியது.

நான் ஒரு புதுமை கேட்டு வேண்டிக்கொண்டேன். அவர் கை சூம்பிப்போக வேண்டும் என்று. அர்ச்சியசிஷ்டவர்களான புனிதர்களின் கதைகளில் கொடியவனின் ஓங்கிய கை அப்படியே மரத்துப்போகும் அல்லவா, அதைத்தான் கேட்டேன். சர்வேசுரன் சர்வ வல்லவர் என்று ஞானோபதேசத்தில் படித்திருந்தேன். வல்லமை இருந்தால் என் வீட்டில் காட்டட்டும் என்பது என் வழக்கு. கோயில் சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னபோது அவர் எனக்குத்தான் அபராதம் கொடுத்தார், கையை ஒடித்தவருக்கு இல்லை.

தம்பிக்கு வேலை தோலின் ஓரம் நறுக்குவது. கட்டுப்போட்ட என் கையைப் பார்க்க வந்தான். கஞ்சி குடித்தான், கிண்ணத்தைக் கழுவி வைத்தான், போய்விட்டான். அவன் கத்திவிட்டுப் போயிருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்காது.

நாடகத்தன்று வெயில் தாழ ஆரம்பித்தார்கள். நான் பெண்கள் பக்கம் முன்வரிசையில் இருந்தேன். பூங்காவனம் வந்தது. சேவகர் வேஷத்தில் வந்தவர்கள் எல்லாரும் என் கணவரின் கீழே வேலை செய்கிற ஆட்கள், கையில் நிஜ மூங்கில் தடிகள். சேசுநாதர் வேஷம் கட்டியவர் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்கிறவர், என் கணவரிடம் எல்லாரையும்விட ஜாஸ்தி அடிவாங்கியவர். சுண்ணாம்பு தின்று அவர் விரல்களெல்லாம் புண். அவரது ஒரு கையை இடுப்போடு சேர்த்துக் கயிற்றால் கட்டியாகிவிட்டது. இராயப்பர் வேஷத்தில் இருந்த தம்பி அங்கியை விலக்கி இடுப்பிலிருந்து உருவினான். மரவாள் என்று நினைத்தேன். ஆட்டுக்காது நறுக்குகிற கத்தி அது.

ஒரே வெட்டு. தலைப்பாகைத் துணி, ஆட்டுக்காது, என் கணவரின் காது, மூன்றும் மணலில் விழுந்தன. அவர் அலறினார். ஜனம் என்றைக்கும் இல்லாத அழுகை அழுதது. எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவி, இந்த வருஷம் ரத்தம் நல்லா வெச்சிருக்காங்க என்றாள். எல்லாரும் புதுமைக்குக் காத்திருந்தார்கள். சேசுநாதர் வேஷக்காரரும் பழக்கதோஷத்தில் கையை வைத்தார். ரத்தம் அவர் விரல் சந்துகளில் பீய்ச்சியதும் அவருக்குப் புரிந்தது. மற்றவர்களுக்கும் அப்போதுதான் புரிந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் இருந்தது. நான் கேட்ட புதுமை வந்துவிட்டது, கைக்குப் பதில் காது என்று நினைத்தேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சுக்குக்கூட நிற்கவில்லை. மேஸ்திரியின் ஆட்களான அந்தச் சேவகர்கள் தம்பிமேல் விழுந்தார்கள். முதல் அடியில் வாய் உடைந்தது. விழுந்தவனை முதுகிலும் தலையிலும் சாத்தினார்கள். ஒருவன் அந்தக் கத்தியைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். நான் ஒற்றைக் கையோடு ஓடிப்போய் நடுவில் விழுந்தேன், காலைப் பிடித்து இழுத்து எறிந்தார்கள். தம்பி செத்துவிடுவான் என்று எனக்குத் தெரிந்தது. எங்கள் அம்மாவுக்கு அவன் ஒருவன்தான் ஆண்பிள்ளை.

அப்போது சேசுநாதர் வேஷக்காரர் குரல் கேட்டது. மணலில் உட்கார்ந்து, என் கணவரின் தலையை மடியில் வைத்து, காது இருந்த இடத்தை அமுக்கிப் பிடித்திருந்தார்.

"மேஸ்திரி, நான் கைய எடுத்தா உன் ரத்தம் பூரா போய்டும். எடுக்கலன்னா அந்தப் பையன இவங்க கொன்னுடுவாங்க. எனக்கு இருக்கறது ஒரு கைதான், இன்னொன்ன கட்டி வெச்சிருக்காங்க. இன்னா செய்யட்டும், நீயே சொல்லு."

மேஸ்திரியை அவர் நீ என்று சொன்னதை நான் அன்றுதான் கேட்டேன். என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். பிறகு, "விட்ருங்கடா" என்றார். தடிகள் நின்றன. அது இரக்கம் என்று நான் அப்போது நம்பவில்லை. ரத்தம் போகிற பயம்தான். அவரோடு குடித்தனம் நடத்தியவள் நான், எனக்குத் தெரியாதா.

நாடகம் பார்க்க வந்திருந்த சாயபு தன் ஜட்கா வண்டியைக் கொடுத்தார். ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தக் கை அமுக்கியது அமுக்கியபடியே இருந்தது. வெட்டிய காதை நான் முந்தானையில் முடிந்து எடுத்துப்போனேன், டாக்டர் பார்த்துவிட்டு, இனி ஒட்டாது என்று சொல்லிவிட்டார். கட்டுப்போட்ட பிறகு போலீஸ் ஏட்டு வந்தார். தம்பியைக் கைகட்டிக் கொண்டுவந்து வெளியே உட்காரவைத்திருந்தார்கள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. என் கணவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் ஜெயிலில் கிடந்து வீணாகியிருப்பான். இப்போது ரத்தம் நின்றுவிட்டது. பயப்பட அவருக்கு ஒன்றுமில்லை.

"நாடகத்துல பட்டுச்சுங்க" என்றார் ஏட்டிடம். "மரக்கத்தின்னு எடுத்துட்டான். கத்தி மாறிப்போச்சு."

அதைச் சொல்லும்போது அவர் என்னையும் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை. சுவரோரம் அங்கியோடு உட்கார்ந்து விரல்களை ஊதிக்கொண்டிருந்தவரையே பார்த்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பல நாள் கழித்துக் கேட்டேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"அந்தக் கையை நான் மிதிச்சிருக்கேன்" என்றார். "சுண்ணாம்புல வெந்த கை. என் ரத்தம் பட்டு எப்டி எரிஞ்சிருக்கும். எடுக்கலையே அவன்."

தம்பி உடம்பு தேறியதும் கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போய்விட்டான். எனக்குச் சர்வேசுரன் மேல் கோபம் தீரவில்லை. ஆனால் அந்தக் கோபத்தோடுதான் ஒரு விஷயத்தை யோசித்தேன். சேசுநாதர் எத்தனையோ புதுமைகள் செய்தார், ஒன்றிலாவது ஒருவன் கை ஒடிந்ததா? ஓர் அத்திமரம் பட்டுப்போனது, ஒரு பன்றிக்கூட்டம் தண்ணீரில் போனது, அவ்வளவுதான். சூம்பிய கை ஒன்று வந்தபோதுகூட அதை நேராக்கினார். நான் கேட்டது அவரிடம் இல்லாத சரக்கு. கடைசியாகக் கை கட்டுப்படாமல் இருந்த நேரத்தில், கயிறு வருவதற்குள், தன்னைப் பிடிக்க வந்தவன் காதில் அதை வைத்தார். வல்லமை என்று நான் படித்ததெல்லாம் அந்த இடத்தில் எதற்கும் ஆகவில்லை. அவர் யார் என்று மட்டும் தெரிந்தது. எனக்கு அது பிடித்ததா என்றால், அன்றைக்குப் பிடிக்கவில்லை.

காது போன பிறகு என் கணவர் என்னைத் தொடவே இல்லை என்று எழுத ஆசைதான். ஐப்பசி மழையில் ஒரு நாள் அடித்தார். அடித்துவிட்டு வாசலில் போய் நனைந்துகொண்டு நின்றார்.

அடுத்த வருஷம் நாடகத்தில் அதே வேஷத்தைக் கேட்டு நின்றார். சாமியார் ஒப்பவில்லை. தலைப்பாகையைக் கழற்றினால் காது இருக்காது, புதுமை பொய் என்று ஜனம் நினைத்துவிடும் என்றார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டே பதில் சொன்னார்.

"கை வெச்சாரில்ல சாமி. அத்த காட்டுங்க, போதும்."

அப்படியே நடந்தது. அதே சுண்ணாம்புக் கை வந்து உட்கார்ந்தது. எடுத்தபோது அங்கே தழும்பு மட்டும் இருந்தது. ஒருவரும் நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை. மணலில் உட்கார்ந்திருந்த கூட்டம் அந்தத் தழும்பையே பார்த்தது.

வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினேன். கோணல் கையால் விறகை ஒடிக்க வராமல் காலால் மிதித்து ஒடித்தேன். அவர் முகச்சாயம் கழுவாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எலும்பு கோணிய இடத்தில் கையை வைத்தார். என் உடம்பு பூராவும் இறுகிப்போயிற்று. எலும்பு நேராகவில்லை, மன்னித்தேன் என்றும் நான் சொல்லமாட்டேன். அந்தக் கை அடிக்க வரவில்லை என்று என் உடம்பு நம்புவதற்கு வெகுநேரம் ஆனது. அதுவரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை.